தரவுத்தள டூல்களுக்கு விளக்கம் எழுதுவது எப்படி? ஏஜென்ட் தப்பான டூலையே எடுக்கிறது

க்யூர்பிப்_மழை:

வணக்கம். நான் இங்கே மொரிஷியஸில் ஒரு பேக்கரி விநியோகக் கம்பெனிக்கு மென்பொருள் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி அடுப்பு மூட்டி, இரண்டு இரண்டரை மணிக்கெல்லாம் வேன்கள் கிளம்பி, விடிவதற்குள் கடைகளில் ரொட்டி இறங்கிவிட வேண்டும், அதுதான் எங்கள் தொழில். நேற்று எவ்வளவு போனது, எந்தக் கடை எவ்வளவு பாக்கி, எந்த ரூட்டில் திரும்பி வந்தது அதிகம் என்று முதலாளியும் கணக்குப் பிரிவும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நானும் ஒவ்வொன்றுக்கும் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதிக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். அந்த வேலையைக் குறைக்கத்தான் இரண்டு மாதம் முன்பு ஒரு ஏஜென்ட் வைத்தோம், கேள்வியைப் படித்துத் தானே டூல்களை அழைத்துப் பதில் சொல்லும் ஏஐ. எங்கள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் மேல் ஒரு எம்சிபி சர்வர் (ஏஐ மாடலுக்கு டூல்களைக் கொடுக்கும் இணைப்பு) எழுதினேன், அதில் 14 டூல்கள், ஒவ்வொன்றும் ஏஜென்ட் அழைக்கக்கூடிய ஒரு சின்ன நிரல். எல்லாம் ஓடுகிறது, பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. ஆனால் பதில்கள் தப்பு.

மூன்று உதாரணம் தருகிறேன். மாயேபூர் ரூட்டின் போன மாத மொத்தம் கேட்டால் உண்மையான தொகையில் ஏறக்குறைய கால்வாசிதான் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை, ஆனால் ஏஜென்ட் கணக்கில் சனிக்கிழமை விற்பனை படுத்திருக்கிறது, ஞாயிறு நன்றாக இருக்கிறது. அப்புறம் ஒரு கடைக்காரர் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை, நாங்கள் அவருக்குத் தர வேண்டியது என்று சொல்லிவிட்டது. கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மா அந்தப் பதிலை நம்பி கடைக்காரருக்குப் போன் செய்யப் போனார், நல்ல வேளையாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

ஏஜென்ட்டுக்குள் இருக்கும் மொழி மாடலை மாற்றிப் பார்த்தேன், பெரிய மாடலும் அதே தப்பைத்தான் செய்தது. ஆகவே நான் எழுதிய விளக்கங்களில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். இப்போது இருப்பது இதுதான் (அசல் ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழில் தருகிறேன்):

கெட்_ஆர்டர்ஸ்: "ஆர்டர்களைத் தரும்."
ஆர்டர்_லிஸ்ட்: "ஆர்டர் பட்டியல்."
சேல்ஸ்_ரிப்போர்ட்: "விற்பனை அறிக்கை. தேதி கொடுக்கவும்."
கிளையன்ட்_பேலன்ஸ்: "வாடிக்கையாளரின் இருப்பு."

எவ்வளவு நீளமாக எழுத வேண்டும், எந்த மொழியில் எழுத வேண்டும்? எங்கள் அட்டவணைப் பத்திகளின் (காலம்) பெயரெல்லாம் பிரெஞ்சு, கேள்வி கேட்பவர்கள் இங்கத்திய பேச்சுமொழியான கிரியோலில் கேட்கிறார்கள், நான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன்.


எபேன்_நைட்ஷிப்ட்:

முதல் மூன்றையும் எனக்குக் கொடுத்து "மாயேபூர் மொத்தம் எடு" என்று சொன்னால் நானும் எதை எடுப்பது என்று தெரியாமல்தான் நிற்பேன். மாடலுக்கு நீங்கள் எழுதிய நிரல் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் டூலின் பெயர், இந்த விளக்கம், பாராமீட்டர்களின் பெயரும் அவற்றின் விளக்கமும், அவ்வளவுதான். கெட்_ஆர்டர்ஸுக்கும் ஆர்டர்_லிஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எந்த இடத்திலும் எழுதவில்லை என்றால் அது ஊகம்தான் செய்யும்.

கால்வாசி விஷயத்தில் ஒரு சந்தேகம். கெட்_ஆர்டர்ஸ் நிரலில் லிமிட் 100 (நூறு வரிசைக்கு மேல் தராதே) என்று ஏதாவது போட்டிருக்கிறீர்களா? ஒரு ரூட்டுக்கு மாதத்தில் 400 ஆர்டர் வந்தால், முதல் நூறை மட்டும் வாங்கி அதையே கூட்டி மொத்தம் என்று சொல்லியிருக்கும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இதே கதை மூன்று வாரம் யாருக்கும் தெரியாமல் ஓடியது. வரிசை வெட்டப்பட்டது என்று டூல் திருப்பி அனுப்பும் பதிலிலேயே சொல்ல வேண்டும், "மொத்தம் 412, காட்டுவது 100" என்கிற மாதிரி. விளக்கத்தில் எழுதினால் மட்டும் போதாது, ஏனென்றால் விளக்கம் ஆரம்பத்தில் படித்தது, பதில் இப்போது கண்ணெதிரே இருப்பது.

சனி ஞாயிறு குழப்பம் எனக்கு நேர மண்டலம் மாதிரி தெரிகிறது. பதிவு நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) சேமிக்கிறீர்கள்தானே? நாம் யூடிசியை விட 4 மணி நேரம் முன்னால். ஞாயிறு விடியற்காலை 2.30-க்குக் கிளம்பும் வேன் யூடிசியில் சனி இரவு 10.30. உங்கள் விற்பனையில் பெரும்பாலும் 4 மணிக்கு முன்பே பதிவாகிறது என்றால் ஒவ்வொரு நாளின் விற்பனையும் முந்தின நாளில் போய் விழும். மற்ற தொழிலில் இது ஓரத்தில் ஒரு சின்னப் பிசகு, பேக்கரியில் முழு நாளே நகர்ந்துவிடுகிறது. இதை "நேரம் யூடிசியில் உள்ளது, 4 மணி கூட்டிக்கொள்" என்று எழுதி மாடல் தலையில் கட்டாதீர்கள். டூலுக்குள்ளேயே 'இந்தியன்/மொரிஷியஸ்' மண்டலப் பெயரை வைத்து மாற்றிவிட்டு, விளக்கத்தில் "தேதிகள் எல்லாம் மொரிஷியஸ் நேரப்படி" என்று ஒரு வரி போதும். மண்டலப் பெயர் ஏன் என்றால், 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள், பழைய தரவு இருந்தால் வெறும் +4 அங்கே பொய்த்துவிடும்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

ரூட்_விற்பனை_மொத்தம்: "ஒரு ரூட்டுக்கோ எல்லா ரூட்டுக்குமோ, கொடுத்த இரு தேதிகளுக்கு இடையே கடைகளில் இறக்கிய சரக்கின் மொத்தத் தொகையும் எண்ணிக்கையும் தரும். மொத்தம், சராசரி, ஒப்பீடு பற்றிய கேள்விகளுக்கு இதையே பயன்படுத்து. தொகை மொரிஷியஸ் ரூபாயில், வாட் சேர்க்காமல். ரத்தானவையும் திரும்பி வந்தவையும் கழிக்கப்பட்டவை. இரு தேதிகளும் கணக்கில் சேரும். தனித்தனி ஆர்டர் விவரம் இதில் வராது, அதற்கு ஆர்டர்_விவரம் டூலை அழை."

கடைசி வரியைக் கவனியுங்கள். எது வராது, அதற்கு எங்கே போக வேண்டும் என்று சொல்வது, என்ன வரும் என்பதைப் போலவே முக்கியம். பக்கத்து டூலின் விளக்கத்திலும் பதிலுக்கு ஒரு வரி இருக்கட்டும்: "மொத்தம் கூட்ட இதைப் பயன்படுத்தாதே."


க்யூர்பிப்_மழை:

லிமிட் 100 இருக்கிறது! நான்தான் வைத்தேன், ஒரு கேள்வியில் பத்தாயிரம் வரிசை வந்து சாட் தொங்கிவிட்டது என்று. போன மாத மாயேபூர் ஆர்டர் 396. யூடிசியும் நீங்கள் சொன்னபடியேதான். இரண்டையும் மாற்றுகிறேன். பாக்கி விஷயம்தான் இன்னும் பிடிபடவில்லை.


ரோஸ்ஹில்_கணக்கு:

நான் புரோகிராமர் இல்லை, 19 வருடமாகக் கணக்கு எழுதுபவள், எங்கள் ஆபீசிலும் இப்போது இப்படி ஒன்று வந்திருப்பதால் படித்துக்கொண்டிருந்தேன். என் தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கிரியோல்தான் பேச்சு, தமிழ் பள்ளிக்கூடத்திலும் அப்புறம் மொக்காவில் மகாத்மா காந்தி நிலையத்திலும் படித்தது.

உங்கள் பத்தியின் பெயர் 'சோல்ட்' (பிரெஞ்சில் கணக்கின் மீதி) என்றுதானே இருக்கும்? நீங்கள் அதை "இருப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். இருப்பு என்றால் யாருடைய இருப்பு? கடைக்காரருடைய கார்னேயில் (கடன் குறிக்கும் நோட்டு) ஏறிய கடன் உங்கள் புத்தகத்தில் கூட்டல் குறியோடு இருக்கும், ஏனென்றால் அது உங்களுக்கு வர வேண்டிய பணம். பாங்க் கணக்கு பார்த்துப் பழகியவனுக்கு கூட்டல் என்றால் வாடிக்கையாளர் கையில் பணம் இருக்கிறது என்று அர்த்தம். மாடல் அப்படித்தான் படித்திருக்கும். விளக்கத்தில் "கூட்டல் என்றால் வாடிக்கையாளர் எங்களுக்குத் தர வேண்டியது, கழித்தல் என்றால் அவர் முன்பணம் கட்டியிருக்கிறார்" என்று எழுதிவிடுங்கள். முடிந்தால் டூலின் பெயரையே 'வாடிக்கையாளர்_தர_வேண்டியது' என்று வைத்துவிடுங்கள் தம்பி, பெயரிலேயே திசை தெரியட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு மனசில் பட்டது. உங்கள் கம்பெனியில் அந்தக் கணக்குப் பிரிவு அம்மாவுக்குத் தெரிந்தது எதுவும் அட்டவணையில் எழுதியிருக்காது. 'ஸ்தாத்யூ' (ஆர்டரின் நிலை) என்று ஒரு பத்தி இருக்கும், அதில் 1, 2, 3, 7, 9 என்று நம்பர் இருக்கும், எந்த நம்பருக்கு என்ன பொருள் என்பது அவர் தலையில் இருக்கும். எங்கள் ஆபீசில் ஒரு நம்பர் இருக்கிறது, புயல் நாளுக்கு மட்டும். வண்டி கிளம்பிய பிறகு மூன்றாம் புயல் எச்சரிக்கை கொடுத்துவிட்டால் எல்லாம் மூடிவிடுவார்கள், சரக்கு திரும்பி வந்துவிடும், அது வாடிக்கையாளர் திருப்பியதும் இல்லை, ரத்தும் இல்லை. புதிதாக வந்த பையன் அதையெல்லாம் "திரும்பியது" என்று கூட்டி, பாவம் ஒரு டிரைவர் மேல் பழி விழுந்தது. ஏஜென்ட்டும் அந்தப் பையன் மாதிரிதான், முதல் நாள் வேலைக்கு வந்தவன், கேட்கவும் கூச்சப்படுகிறவன். அந்த அம்மா பக்கத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, நீங்கள் ஒன்றும் சொல்லாமல், அவர் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.


டர்பன்_கடலோரம்:

அக்கா சொன்னதோடு சேர்த்து, பெயர் தேடும் டூலையும் பாருங்கள். நான் இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரு மொத்த வியாபாரத் தரவுத்தளத்தில் பட்டது. வாடிக்கையாளர் பெயர்கள் கவுண்டர் என்றால் கோவெண்டர், முதலியார் என்றால் மூட்லி, நாயுடு என்றால் நாய்டூ என்று பழைய காலத்து கிளார்க்குகள் காதில் விழுந்தபடி எழுதியதுதான் இன்று வரை. உங்கள் ஊரில் பிரெஞ்சு எழுத்து வழக்கு வேறு, முத்து 'மூட்டூ'வாகவும் இருக்கும், சுப்பிரமணியம் ஐந்து விதமாகவும் இருக்கும். பயனர் ஒரு எழுத்தில் கேட்பார், தரவில் இன்னொரு எழுத்து, டூல் வெறும் பட்டியலைத் திருப்பும், ஏஜென்ட் "அந்த வாடிக்கையாளருக்கு விற்பனை எதுவும் இல்லை" என்று அடித்துச் சொல்லும். ஆள் இல்லை என்பதும் விற்பனை இல்லை என்பதும் ஒன்றல்ல.

நாங்கள் செய்தது: பெயரை வாங்குவது ஒரே ஒரு டூல்தான், வாடிக்கையாளர்_தேடு. அது போஸ்ட்கிரஸின் பிஜி_டிஆர்ஜிஎம் (மும்மூன்று எழுத்தாக ஒப்பிடும் நீட்சி) வைத்து எழுத்தில் கிட்டத்தில் இருக்கும் ஐந்து பெயர்களை ஊர், வாடிக்கையாளர் எண்ணோடு தரும். மற்ற எல்லா டூலும் எண்ணை மட்டும்தான் வாங்கும், அவற்றின் பாராமீட்டர் விளக்கத்தில் "எண் தெரியாவிட்டால் முதலில் வாடிக்கையாளர்_தேடு, ஒன்றுக்கு மேல் வந்தால் பயனரிடம் கேள், நீயாகத் தேர்ந்தெடுக்காதே" என்று இருக்கும். எண் தப்பாக இருந்தால் வெறும் பட்டியல் திரும்பாது, "இந்த எண்ணில் வாடிக்கையாளர் இல்லை, வாடிக்கையாளர்_தேடு அழைக்கவும்" என்று பிழைச் செய்தி வரும். பிழைச் செய்தியும் விளக்கத்தில் ஒரு பகுதிதான், அதையும் அதே அக்கறையோடு எழுதுங்கள்.


போர்ட்லூயி_டிபிஏ:

எல்லோரும் நல்லதாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் நீளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 14 டூலுக்கும் ஒரு பக்கம் ஒரு பக்கமாக எழுதினால் அத்தனையும் ஒவ்வொரு உரையாடலிலும் மாடலின் முன்னால் போய் நிற்கும், காசும் போகும், கவனமும் சிதறும். தமிழில் எழுதினால் அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தை விட டோக்கன் (மாடல் உரையை உடைத்துப் படிக்கும் துண்டு, காசும் அந்தக் கணக்கில்தான்) அதிகம் ஆகும், இதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் விளக்கத்தை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பத்திப் பெயர்களை மொழிபெயர்க்காமல் அப்படியே சொல்லி அருகில் பொருளைக் கொடுங்கள். கிரியோலில் மக்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்களையும் சேருங்கள், "திபேன் (ரொட்டி) என்று கேட்டால் பொருள் வகை 1" என்கிற அளவுக்கு.

நீளமாக எழுத வேண்டியதை எழுத வேண்டிய இடம் தரவுத்தளம். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒவ்வொரு பத்திக்கும் 'கமென்ட் ஆன் காலம்' கட்டளையால் குறிப்பு எழுதி வைக்கலாம், பல ஆண்டுகளாக இருக்கும் வசதி, யாரும் தொடுவதில்லை. ஸ்தாத்யூ நம்பர்களின் பொருளை அங்கே எழுதுங்கள், அதைப் படித்துத் தர ஒரு சின்ன டூல் வையுங்கள். நாளைக்கு ஏஜென்ட் போனாலும் அந்தக் குறிப்பு அங்கேயே இருக்கும், அடுத்து வரும் மனிதருக்கும் உதவும்.

அப்புறம், 14-ல் ஒன்று பொதுவாக எஸ்க்யூஎல் ஓட்டும் டூலாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் விளக்கத்தில் "படிக்க மட்டும், எதையும் மாற்றாதே" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். எம்சிபியில் படிக்க மட்டும் என்று குறிக்கும் ஒரு அடையாளம் இருக்கிறது, அதுவும் குறிப்புதானே தவிர எதையும் தடுக்காது. தடுப்பது தரவுத்தளத்தில் அந்தப் பயனருக்கு நீங்கள் கொடுக்கும் உரிமைதான். செலக்ட் (படிக்கும் உரிமை) மட்டும் கொடுத்த தனி ரோல், அதாவது தரவுத்தளப் பயனர், அதுவும் அட்டவணைகள் மேல் வேண்டாம், நீங்கள் கட்டிக் கொடுக்கும் வியூக்கள் (முன்பே எழுதி வைத்த கேள்வியின் விடையை அட்டவணை போலக் காட்டுபவை) மேல் மட்டும், ஒரு கேள்வி ஓடக்கூடிய நேரம், ஸ்டேட்மென்ட் டைம்அவுட், பத்து வினாடி. வியூ இன்னொரு விதத்திலும் கை கொடுக்கும். ஆர்டர் தலைப்பு அட்டவணையையும் அதன் பொருள் வரிசைகள் உள்ள அட்டவணையையும் இணைத்து (ஜாயின்) எடுத்தால், ஐந்து பொருள் உள்ள ஆர்டரின் தொகை ஐந்து தடவை கூட்டப்படும், மாடல் இதில் விழுந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதை விளக்கத்தில் எச்சரிக்கை எழுதிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வியூவிலேயே சரிசெய்துவிடுங்கள். எழுதித்தான் சமாளிக்க வேண்டும் என்கிற விஷயங்களை முதலில் குறையுங்கள், மிச்சத்தை எழுதுங்கள்.


எபேன்_நைட்ஷிப்ட்:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு இடத்தில் தவிர. சுருக்கம் என்று சொல்லி "கூட்டல் என்றால் அவர் தர வேண்டியது" போன்ற வரியைத் தனிக் குறிப்புக்கு அனுப்பிவிட்டால் ஏஜென்ட் போய்ப் படிக்காமலே பதில் சொல்லிவிடும். படிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது, ஏனென்றால் தனக்குத் தெரியும் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது. தெரியாது என்று தானே உணரக்கூடியதை (7 என்றால் என்ன?) வெளியே வைக்கலாம். தப்பாகத் தெரிந்துகொண்டிருக்கக்கூடியதை டூல் விளக்கத்திலேயே, முதல் இரண்டு வரிக்குள் வைக்க வேண்டும்.


போர்ட்லூயி_டிபிஏ:

சரி, அது நியாயம். எதை உள்ளே, எதை வெளியே என்று நீங்கள் பிரித்தது நல்ல பிரிப்பு.


க்யூர்பிப்_மழை:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் அக்கா சொன்னபடி கணக்குப் பிரிவு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஸ்தாத்யூவில் ஆறு நம்பர். எனக்கு நாலுதான் தெரிந்திருந்தது, மூன்று வருடமாக இந்தத் தரவுத்தளத்தைப் பார்க்கிறேன். எங்களுக்கும் புயலுக்கு ஒரு நம்பர் இருக்கிறது. ரோத்ரிக்ஸ் தீவுக்குக் கப்பலில் போகும் பிஸ்கட் பெட்டிகளுக்கு இன்னொரு நம்பர், அது அனுப்பிய நாளிலேயே விற்பனையாக ஏறாது, அங்கே இறங்கியதும்தான் ஏறும். அந்த அம்மா ஒவ்வொன்றையும் சொல்லும்போது "இது எல்லோருக்கும் தெரியுமே" என்றார். அத்தனையும் கமென்ட்டாகத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டது.

14 டூல் இப்போது 6. பொது எஸ்க்யூஎல் டூலை எடுத்தேவிட்டேன், வாரத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் அது தேவைப்படவில்லை, அந்த ஒன்றை நானே எழுதிக் கொடுக்கிறேன். தேதிப் பாராமீட்டருக்கு வருடம்-மாதம்-நாள் வடிவம் என்று உதாரணத்தோடு எழுதினேன், ஏனென்றால் 04/03 என்று யாரோ கேட்டதற்கு அது ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டது, நாம் மார்ச் 4 என்று அல்லவா சொல்வோம்.

சரிபார்க்க, முன்பு நானே எஸ்க்யூஎல் எழுதி விடை கொடுத்த பழைய கேள்விகளில் 40 எடுத்து, பழைய விளக்கத்தோடு ஒரு முறையும் புதியதோடு ஒரு முறையும் ஓட்டினேன். பழையதில் 17 சரி. புதியதில் 36. ஒவ்வொரு தப்பிலும் எந்த டூலை எடுத்தது, என்ன பாராமீட்டர் கொடுத்தது என்று பார்த்ததில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். நான் தெளிவாக எழுதிவிட்டேன் என்று நினைத்த ஒரு வரியை அது வேறு விதமாகவும் படிக்க முடியும் என்பது அங்கேதான் கண்ணில் படுகிறது.

மிச்சம் நாலு தப்பில் மூன்று ஒரே மாதிரி, "போன வாரம்" என்கிற கேள்விகள். சில நேரம் கடந்த ஏழு நாளை எடுக்கிறது, சில நேரம் ஞாயிறிலிருந்து சனி வரை. எங்கள் வாரம் திங்கள் முதல் ஞாயிறு. இதை எந்த டூலில் எழுதுவது? ஆறிலும் எழுதவா?


ரோஸ்ஹில்_கணக்கு:

அந்த "எல்லோருக்கும் தெரியுமே" எனக்கு நன்றாகப் பழக்கம் தம்பி, நானும் அப்படித்தான் சொல்வேன்.


எபேன்_நைட்ஷிப்ட்:

ஆறிலும் வேண்டாம். அது டூலைப் பற்றிய விஷயம் இல்லை, கம்பெனியைப் பற்றிய விஷயம், ஆகவே ஏஜென்ட்டின் பொது அறிவுரையில் இன்றைய தேதிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும், போன வாரம் என்றால் கடைசியாக முடிந்த முழு வாரம்." கூடவே ரூட்_விற்பனை_மொத்தம் தன் பதிலின் தலையில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கிழமையோடு எழுதித் தரட்டும். அப்போது அது தப்பாக எடுத்தாலும் கணக்குப் பிரிவு அம்மா பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார். நாலாவது தப்பு என்னவென்று எழுதுங்களேன்.


க்யூர்பிப்_மழை:

நாலாவது என் தப்பு. பழைய விடையை எடுத்துப் பார்த்தேன், அன்றைக்கு நான் எழுதிய எஸ்க்யூஎல்லில் புயல் நாள் சரக்கை விற்பனையோடு கூட்டியிருக்கிறேன். ஏஜென்ட் சொன்னதுதான் சரி. அந்த அறிக்கையைத் திருத்தி இன்று அனுப்புகிறேன்.